பேரு போடற எடம்

ஏனுங்கண்ணா, காலைல அந்தப் பனியன் கம்பெனி ஹால்ல மஞ்சப் பையோட ஒக்காந்துட்டு இருந்தது நீங்கதானுங்களே? நெனச்சேன். கும்பாபிஷேக நோட்டீஸ் பைக்கு வெளிய எட்டிப் பாத்துட்டு இருந்துச்சு. முதலாளி குடுத்தாருங்களா? குடுத்திருப்பாருங்க. சாமி காரியம்னா யாரு இல்லைன்னு சொல்லுவா. நல்லா ஒக்காருங்க. ஜன்னலோரம் வேணும்னா எடுத்துக்கங்க, எனக்கு வெயில் பழகிப் போச்சு. உடுமலை வரைக்குந்தான? நானும் அங்கதான்.

இந்தப் பொம்பளையும் நன்கொடை வாங்கத்தான் வந்து ஒக்காந்திருக்கான்னு நீங்க நெனச்சிருப்பீங்க. அந்த ரிசப்சன் புள்ளையும் அப்படித்தான் நெனச்சு, டொனேசன்னா அந்தப் பக்கம் ஒக்காருங்கன்னு கைய நீட்டுச்சு. இந்தா அம்மிணி, நான் வாங்க வரல, விக்க வந்திருக்கறேன்னு சொன்னேன். அதுக்கு மேல அது என்கிட்டப் பேசவே இல்ல. எனக்குக் கோவமே வராதுங்க. நன்கொடைங்கற வார்த்தை காதுல விழுந்தா மட்டும் என்னமோ பண்ணுது. உங்களச் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. சாமிக்குக் கேக்கறது வேற.

என்ற பேரு தெய்வானைங்க. உடுமலைல பொம்பளப் புள்ளைக சைக்கிள் ரேஸ் டீம் வெச்சிருக்கறேன். அஞ்சு புள்ளைக. பொழுதுபோக்குக் கிளப்பு இல்லீங்க, சம்பளம் குடுத்து ஓட்டற டீம். சம்பளம்னா, குடுத்துட்டு இருந்தோம். நடுவுல கொஞ்சம் நின்னு போச்சு.

இதுல என்ன வருமானம்னு கேக்கறீங்க. எல்லாரும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க. கிரிக்கெட்டுன்னா நாலு பக்கமும் செவுரு எழுப்பி, கேட்டுப் போட்டு, டிக்கெட்டு விக்கலாம். ரோட்டுக்கு ஏதுங்க கேட்டு? வெத்தலை வாங்கப் போனவன் கூட நின்னு பாத்துட்டுப் போவான். உங்க கோயில் தேர் இழுக்கறதப் பாக்க யாராச்சும் டிக்கெட் வாங்கறாங்களா? இல்ல. ஆனா வடம் வாங்கோணும், பந்தல் போடோணும், மேளக்காரங்களுக்குக் குடுக்கோணும். அதுக்குத்தான மண்டகப்படிக்காரர்னு ஒருத்தர் இருக்கறாரு. எங்களுக்கும் அதே கதைதான். ஜெயிச்சா வர்ற பரிசு, எல்லாருக்கும் பிரிச்சா டயருக்கே பத்தாது. டிவில காட்டுனா அந்தக் காசு ரேஸ் நடத்தறவங்களுக்குப் போவும், எங்களுக்கு வராது. ஆக, எவனாச்சும் ஒரு கம்பெனிக்காரன் மனசு வெச்சாத்தான் சக்கரம் சுத்தும்.

வெளிநாட்டுலயும் இப்படித்தானுங்க. கோடிக்கணக்குல பொரளற டீமெல்லாம் தரைக்கு ஒட்டற பலகை விக்கறவன், லாட்டரி நடத்தறவன், பேங்குக்காரன்னு இவங்கள நம்பித்தான் ஓடுது. அவன் கைய விரிச்சுட்டா அடுத்த வருசம் டீமே இருக்காது. உலகமே அந்த லட்சணத்துல இருக்கறப்ப, உடுமலைக்காரி எதுக்குங்க தலையத் தொங்கப் போடோணும்?

டீம் பேரா? அதுதானுங்க கூத்து. சைக்கிள் டீமுக்குச் சொந்தப் பேருன்னு ஒண்ணு கெடையாது. காசு போடறவன் பேருதான் டீம் பேரு. மொதல்ல நாங்க பம்புசெட்டு. மைக்குக்காரன் 'முன்னால வர்றது பம்புசெட்டு, பம்புசெட்டு'ன்னு கத்துவான், ரோட்டோரம் நிக்கறவங்க டெம்போ வருதான்னு எட்டிப் பாப்பாங்க. எங்க புள்ளைகளுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. நல்லா ஓட்டுனாங்க. பம்புசெட்டுக்காரரும் தங்கமான மனுசன். பாழாப்போனது அவரு மகன் வந்ததுக்கப்பறந்தான். அமெரிக்காவுல படிச்சுட்டு வந்து, இந்த டீமுனால எத்தனை மோட்டார் வித்துச்சுன்னு கணக்குக் கேட்டான். உங்க கல்யாணத்துக்கு உங்கப்பா ஊரையே கூப்பிட்டுப் பந்தி போட்டாரே தம்பி, அதுனால எத்தனை மோட்டார் வித்துச்சுன்னு நானும் கேட்டேன். அவ்வளவுதான், அந்த வருசத்தோட முடிச்சுக்கிட்டாங்க. சிரிக்காதீங்கண்ணா. நியாயமாத்தான கேட்டேன்?

அப்பறம் மசாலாத்தூள். கம்பெனி பேரு எதுக்கு, விடுங்க. அந்த மொதலாளி ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டாரு. ஜெர்சில அவங்கப்பா போட்டோ வரோணும். அந்தப் பெரியவருதான் கம்பெனிய ஆரம்பிச்சது, அதுக்கு முந்தின தை மாசந்தான் தவறிப் போயிருந்தாரு. மசாலாப் பாக்கெட்டுலயும் அவரு படந்தான் இருக்கும், நெத்தில பட்டையோட. சரி, போட்டுட்டாப் போச்சுன்னு சொன்னேன். பெத்தவங்க மேல பாசம் இருக்கறது நல்லதுதான?

நெஞ்சுல போடச் சொன்னாரு. இங்கதானுங்க தொழில் தெரியோணும். ரேஸ் ஓட்டறவ நிமிந்து ஒக்காந்து ஓட்ட மாட்டா. குனிஞ்சு, காத்துக்குத் தலைய ஒளிச்சு ஓட்டுவா. நெஞ்சுல எழுதுனா தார் ரோடுதான் படிக்கும். கேமரா வண்டி, பின்னால வர்ற காரு, தொரத்திட்டு வர்ற மத்த டீமு எல்லாரும் பாக்கறது முதுகும் அதுக்குக் கீழயுந்தான். அதுதான் எங்க தொழில்ல வெலை போற எடம். நெஞ்சு சும்மா பரிசு வாங்கறப்ப நின்னு போட்டோ எடுக்க. இத நான்தான் புள்ளைகளுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லி வெச்சேன். அவருகிட்டயும் அதையே சொல்லி, பெரியவர் படத்த முதுகு பூராவும் அடிக்க வெச்சேன்.

ஜெர்சி வந்துச்சு. மேசை மேல விரிச்சு வெச்சாங்க. மசாலாக்காரர் ஊதுபத்தி காட்டி அழுதே போட்டாரு. எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. அவ்வளவு லட்சணமா இருந்தாரு பெரியவரு.

ஒண்ணே ஒண்ணுங்க. ரேஸ் ஜெர்சிக்கு முன்னால பாக்கெட்டு இருக்காது. பின்னால, இடுப்புக்கு மேல வரிசையா இருக்கும். ரேசுல எறங்கி நின்னு சாப்பிட முடியாதில்ல, கையப் பின்னால விட்டு எடுத்து ஓட்டிக்கிட்டே திங்கோணும். அதுக்குத்தான். பெரியவரோட நெத்தி தோள்பட்டைல ஆரம்பிச்சுதுன்னா, ரெண்டு கன்னமும் சரியா ரெண்டு ஓரத்துப் பாக்கெட்டு மேல வந்து நின்னுச்சு. நடுப் பாக்கெட்டு அவரு வாய்க்கு நேரா. மேசைல கெடந்தப்ப அது யாருக்கும் தோணல. எனக்கும் தோணல. வெறுஞ்சட்டையப் பாத்தா யாருக்குத்தான் தோணும்?

தாராபுரம் ரோட்டுல ரேசு. புள்ளைக காலைல வழக்கம்போல ரெண்டு பக்கமும் வாழப்பழமும் கடலமுட்டாயும் திணிச்சுக்கிட்டாங்க. செல்வராணின்னு ஒருத்தி, மத்தவங்களுக்கும் சேத்துத் தண்ணி சொமக்கறது அவ வேலை. நடுப் பாக்கெட்டுல பாட்டிலச் சொருகிட்டா. மறுநா பேப்பர்ல போட்டோ. பின்னால இருந்து எடுத்தது. பெரியவருக்கு ரெண்டு கன்னமும் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி பொடைச்சுட்டு நிக்குது. செல்வராணி முதுகுல இருந்தவரு வாயில பாட்டிலக் கவுத்துக்கிட்டு இருக்கறாரு. வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாத மனுசனாமா.

பொள்ளாச்சில இருந்து அவரு பொண்ணு போன்ல ஒரே அழுகை. மசாலாக்காரரு நேரா கெளம்பி வந்துட்டாரு. வந்து சத்தம் போடல, அதையுஞ் சொல்லோணும். இனிமேல் பாக்கெட்டுல எதையும் வெக்க வேண்டாம், தெச்சு மூடிருங்கன்னு தன்மையாத்தான் சொன்னாரு. வேற ஒருத்தின்னா என்ன பண்ணிருப்பா? படத்தக் கொஞ்சம் மேல ஏத்திப் போட்டுக்கலாம், சின்னதாக்கிக்கலாம்னு சொல்லிருப்பா. தாரணி கூட அப்படித்தான் மெதுவா என் காதுல சொன்னா. தாரணி எங்க டீம் கேப்டனுங்க. எனக்கு அப்ப அது காதுல ஏறல. நூறு கிலோமீட்டர் ஓட்டறவ பசிச்சா எங்க போவா, உங்கப்பா மூஞ்சியப் பாத்தா பசியாறிருமான்னு கேட்டுட்டேன். கோவத்துல கேக்கல, சந்தேகத்துலதான் கேட்டேன். அவங்க குடும்பமே அதப் பெருசா எடுத்துக்கிச்சு, அதோட காசும் நின்னு போச்சு. இந்தக் காலத்துல மனுசங்களுக்குப் பொறுமைங்கறதே கெடையாது.

அப்பறம் ஒண்ணும் அமையல. நகைக்கடைக்காரர் ஒருத்தர் வந்தாரு, புள்ளைக கழுத்து நெறைய போட்டுக்கிட்டு சைக்கிள் மேல ஒக்காந்து விளம்பரத்துக்கு நிக்கோணும்னாரு. உங்க கடைல மாடு இருந்தா அதுக்குப் போட்டு நிறுத்துங்கன்னேன். எலெக்சன்ல நிக்க ஆசப்பட்ட ஒருத்தரு வந்தாரு, கையக் கூப்பிக்கிட்டு நிக்கற அவரு படத்தப் போடச் சொன்னாரு. அவரையும் தாட்டி விட்டுட்டேன். யாருகிட்டயும் கையேந்துனதில்லீங்க நான். யாரு கால்லயும் விழுந்ததில்ல. அதுல எனக்குப் பெருமதான்.

புள்ளைக வெள்ளைச் சட்டைல ஓட்டுனாங்க. மைக்குக்காரன் எங்களச் சொல்றப்ப மட்டும் திணறுவான். கடைசில 'பேரில்லாத டீம்'னு சொல்ல ஆரம்பிச்சுட்டான். எனக்கு அதுல ஒண்ணுமில்ல, ரோசம் இருக்கறவளுக்கு வெள்ளைச் சட்டையே போதும்னு சொல்லி வெச்சேன். ஒருத்தி காலைல ஓட்டிட்டு மத்தியானம் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனா. தாரணிக்கு மகாராஷ்டிராவுல ஒரு டீம்ல இருந்து கூப்பிட்டாங்க. இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லோணும். அவ போயிட்டா மத்தவளுகளும் ஆளுக்கொரு திசைல போயிருவாங்க, டீம் அதோட முடிஞ்சுது. எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் ராத்திரி தூக்கமே வரல. பதினோரு வருசமா இதத் தவிர நான் வேற எதையும் பாக்கலீங்க. கல்யாணங்காச்சின்னு கூட எங்கயும் போனதில்ல.

இந்தப் பனியன் கம்பெனி மொதலாளி இருக்கறாரில்ல, அவிநாசியப்பன், அவரத் தாரணியேதான் புடிச்சா. எப்படிப் புடிச்சான்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கறா. நேத்து வந்து, அக்கா நீங்க ஊரெல்லாம் அலைஞ்சு களைச்சுப் போயிட்டீங்க, நாளைக்கு நானே உள்ள போயிப் பேசறேன், நீங்க வெளிய நல்லா காத்தாட ஒக்காந்திருங்கன்னா. என் மேல அவ்வளவு பாசமுங்க அந்தப் புள்ளைக்கு. மத்த நாலு பேரும் அதே வார்த்தைய அப்படியே சொன்னாங்க. எல்லாரும் ஒரே மாதிரி நெனச்சிருக்கறாங்க பாருங்க.

அதுனாலதான் நான் ஹால்ல ஒக்காந்திருந்தது. நீங்க உள்ள போயிட்டு வந்து கெளம்பிட்டீங்க. உங்களுக்கப்பறம் தாரணியக் கூப்பிட்டாங்க. ஒக்காந்திருந்தேன், ஒக்காந்திருந்தேன். டீ குடுத்தாங்க, குடிச்சேன். உள்ள யாரோ சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. சிரிக்கறாங்கன்னா என்ன அர்த்தமுங்க? எதையோ விட்டுக் குடுத்துட்டு இருக்கறாங்கன்னுதான அர்த்தம்? கதவத் தள்ளிட்டு உள்ள போயிட்டேன்.

மேசை மேல ஒரு படம் விரிச்சுக் கெடந்துச்சு. எங்க புள்ளைக ரேசுக்குப் போடற ட்ரவுசரு, பின்பக்கம். ஒக்கார்ற எடத்துக்குக் குறுக்கால பூப்போட்ட எழுத்துல 'நித்தியமல்லி'ன்னு எழுதிருந்துச்சு. என்னன்னு கேட்டேன். அந்தக் கம்பெனில புதுசாப் போடற சரக்காமா. என்ன சரக்குன்னு கேட்டேன். அவிநாசியப்பன் கூச்சப்பட்டுக்கிட்டு ஜன்னலப் பாத்தாரு. தாரணிதான் சொன்னா, லேடீஸ் ஜட்டி அக்கான்னு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. கோவமில்லீங்க, இது வேற. பொம்பளப் புள்ளைக ரோட்டுல போறப்ப எவனெவன் என்னென்ன பேசறான்னு பின்னால வேன்ல வர்ற எனக்குத்தான் தெரியும். இதுல அங்கயே கொண்டு போயி ஜட்டிப் பேர எழுதி விட்டா கேக்கவே வேண்டாம். உங்க வீட்டுப் புள்ளைக்கு இப்படி எழுதி ரோட்டுல விடுவீங்களான்னு அவரப் பாத்துக் கேட்டேன். அவரு பாவம், நெஞ்சுலதான் போடச் சொன்னாராமா. இந்த எடத்தக் காட்டி, இதுதான் வெலை போற எடம், இதுக்குத் தகுந்தபடி குடுங்கன்னு பேரம் பேசி முடிச்சது தாரணிதான். எனக்கு அது அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருப்பேன்.

அவிநாசியப்பன் பேனாவ மூடி வெச்சுட்டாரு. அம்மாவுக்கு மனசில்லைன்னா வேண்டாம், எனக்கெதுக்குப் பொம்பளப் புள்ளைக பாவம்னாரு. அந்த மூடற சத்தம் எனக்குப் புதுசில்லீங்கண்ணா. பம்புசெட்டுலயும் கேட்டிருக்கறேன், மசாலாவுலயும் கேட்டிருக்கறேன். போனாப் போகுது, மானத்தோட போவோம் வா தாரணின்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.

அவ எந்திரிக்கல. ஏழு வருசமா எங்கிட்ட இருக்கறா, ஒரு நா எதுத்துப் பேசுனதில்ல. ஒக்காந்த எடத்துலயே சொன்னா.

"எங்க மானம் எங்க இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியுங்கக்கா. மைக்குல பேரில்லாத டீம்னு சொன்னப்பதான் எனக்கு வெக்கமா இருந்துச்சு. இதுல என்ன வெக்கம்? இதப் படிக்கோணும்னா ஒருத்தி எனக்குப் பின்னாடி வரோணும். வந்து படிக்கட்டும்."

அவிநாசியப்பன் என்னப் பாத்தாரு. தாரணி என்னப் பாக்கல, மேசையவே பாத்துட்டு இருந்தா.

நான் என்ன பண்ணுனேன்னு கேக்கறீங்களா? மறுபடி மேசைக்குப் போனேன். அந்தப் படத்த இழுத்துக் கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாத்தேன். கொடி மாதிரி வளைச்சு வளைச்சு, பொடி எழுத்தா எழுதிருந்தான் எவனோ. இந்த எழுத்து ஆகாதுங்கன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாரு. நல்லாப் பெருசாப் போடுங்க, ரொம்பத் தூரத்துல வர்றவளுக்கும் தெரியோணும், எங்க புள்ளைக எவளையும் கிட்டத்துல வர விட மாட்டாங்கன்னேன்.

அவரு பேனாவத் தொறந்தாரு.

அதுக்கு மேல தாரணி என்ன அங்க ஒரு நிமிசம் நிக்க விடல. கையெழுத்துக் காயறதுக்குள்ள ஆட்டோவக் கூப்பிட்டு, நீங்க மொதல்ல ஊருக்குப் போங்கக்கா, ரொம்பக் களைச்சிருக்கறீங்கன்னு பஸ் ஸ்டாண்டுக்கு ஏத்தி விட்டுட்டா. சொன்னனில்ல, பாசக்காரப் புள்ள. ஆனா ஒண்ணுங்கண்ணா, நான் மட்டும் அந்நேரத்துக்கு உள்ள போகலைன்னு வெச்சுக்கங்க, அந்தப் பொடி எழுத்துக்கே ஒத்துக்கிட்டு வந்திருப்பாங்க. வெவரம் பத்தாது. எல்லாத்துக்கும் நான் ஒருத்தி பக்கத்துல இருக்க வேண்டியிருக்குது.